எடை குறைத்த படம்

வெள்ளத்தில் கிடைத்த, பெயர் தெரியாத உடல்களின் படங்கள் யார் போனிலும் சட்டென்று திறக்க வேண்டும் என்றுதான் ஞானதுரை எல்லாவற்றையும் வெப்பி என்கிற லேசான வடிவத்துக்கு மாற்றித் தளத்தில் ஏற்றியிருந்தார். நிவாரண முகாமில் அவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பூங்கோதை, ஒரு படத்தில் நின்று, திடீரென்று சிரித்துவிட்டாள்.

"சட்டை அவனோடது மாதிரியே இருக்குண்ணே. ஆனா என் தம்பி இல்ல. அவனுக்கு உதட்டு மேல கடுகளவு மச்சம் இருக்கும். இதுல எங்க இருக்கு?"

ஞானதுரை எட்டி அந்தப் படத்தைப் பார்த்தார். எடையைக் குறைக்கத் தரத்தை ஏகத்துக்கும் இறக்கியிருந்தார். கடுகளவு எதுவும் அதில் தங்காது. தோல் வழவழவென்று ஆகிவிடும்.

"எந்த மொட்டை மாடில ஏறி உக்காந்திருக்கோ, எரும. வரட்டும், வச்சுக்கறேன்" என்று அவள் பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

விட்டுவிடலாம். ஆனால் யாரும் கேட்டு வராத உடல்களைச் சாயங்காலம் எரிக்கப்போகிறார்கள்.

"இரும்மா. இதோட பெரிய படம் இருக்கு."

மூலப்படத்தை இறக்கினார். முகாமின் நெட்டில் அது மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல வந்தது. முடி. நெற்றி. மூக்கு. சிரிப்பு மாறாமலே அவள் அவர் பக்கம் வந்து குனிந்தாள். ஞானதுரை கண்ணை இறுக மூடிக்கொண்டு அவள் குரலுக்காகக் காத்திருந்தார்.