அண்ணாச்சி கடையின் பிளக்

தங்கதுரை அண்ணாச்சி செத்ததும், அவருடைய நினைவுகளை மகன் ஒரு விளையாட்டுக்குள் குடியேற்றிவிட்டான். பழைய வீடியோ கேம் கடை நடத்தும் விளையாட்டு அது, முதலாளி அண்ணாச்சியேதான். அதைப் பராமரிக்கும் வேலை ஸ்டெல்லாவுக்கு வாய்த்தது.

பன்னிரண்டு வயதில், தூத்துக்குடியில் இருந்த அவருடைய நிஜக் கடையில், பையன்கள் அத்தனை பேரையும் முந்தி அவள் முதலிடம் பிடித்திருந்தாள். "பொட்டப்புள்ளைக்கு இங்க என்னட்டி சோலி?" என்று அண்ணாச்சி பிளக்கைப் பிடுங்கினார். திரையோடு, பட்டியலில் முதலாவதாக ஏறியிருந்த அவள் பெயரும் போனது. பையன்கள் சிரித்தார்கள்.

இன்றும் அந்தப் பன்னிரண்டு வயது உருவத்திலேயே விளையாட்டுக்குள் போனாள். முதலிடம் பிடித்தாள். அண்ணாச்சி அதே வார்த்தைகளைச் சொல்லிக் கத்தினார். அவள் நேரே போய்க் கடையின் மெயின் பிளக்கில் கை வைத்தாள்.

அண்ணாச்சி பதறினார். "புடுங்காத தாயி, எல்லாம் மறந்துபோகும்! பேத்தி பொறந்திருக்கான்னு மகன் இப்பத்தான் சொல்லிட்டுப் போனான். அவ பேருகூட..."

"என் பேரும் அன்னைக்கு இப்பிடித்தான் போச்சு அண்ணாச்சி."

பிடுங்கினாள். சற்றுப் பொறுத்து மறுபடி சொருகினாள்.

அண்ணாச்சி உற்சாகமாக ஷட்டரைத் தூக்கினார். அவருக்கு அது முதல் நாள். ஸ்டெல்லாவுக்கு நாற்பத்தோராவது.