பல்பை எரிய வைத்த ரப்பர்

மேசை மேல் ஒரு பேட்டரி செல்லும் குட்டி பல்பும் இரண்டு கம்பிகளும் இருந்தன. கம்பிகளுக்கு இடையில் எதை வைத்தால் பல்பு எரிகிறது என்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாவியை வைத்தார்கள், எரிந்தது. பாதி தேய்ந்த அழிரப்பரை வைத்தார்கள், எரியவில்லை. "பெயிலு" என்று சிரித்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

"என் வழியா மின்சாரம் குதிரை மாதிரி ஓடுது. உனக்கு என்னடா கேடு?" என்றது சாவி.

"மின்சாரத்தை உள்ள விடத் தெரியல அண்ணே எனக்கு."

"அப்ப குப்பைக்கூடைக்குத்தான் நீ லாயக்கு."

ரப்பருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

பல்பு இன்னும் பளிச்சென்று எரியட்டுமே என்று பிள்ளைகள் கம்பிகளின் பிளாஸ்டிக் தோலைப் பல்லால் கடித்து நீளமாக உரித்து, நேராகப் பல்போடு இணைத்தார்கள். பல்பு கண்ணே திறக்கவில்லை.

"தோலில்லாத கம்பி ரெண்டும் கீழேயே ஒட்டிக்கிட்டு நிக்குது. மின்சாரம் என்னை எட்டிக்கூடப் பார்க்காம குறுக்கால திரும்பிடுது" என்று முனகியது பல்பு.

"நகருங்க, நான் பிரிச்சு விடறேன்" என்று சாவி நடுவில் போய் நின்றது. மின்சாரம் சாவி மேலேயே ஏறிக் குறுக்கே ஓடியது.

ரப்பர் மெல்ல உருண்டு வந்து, சாவியைத் தள்ளிவிட்டு, கம்பிகளுக்கு நடுவில் தன்னைச் செருகிக்கொண்டது. முட்டிப் பார்த்த மின்சாரம் வேறு வழியில்லாமல் மேலே போயிற்று. பல்பு பளீரென்று எரிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"அப்படி என்னடா பண்ணினே?" என்றது சாவி.

ரப்பர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது. "முதல்ல பண்ணினதேதான் அண்ணே. விடாம நின்னேன்."