கோமளா வீட்டுப் பெரிய டிவி

வளைக்குள்ளே இருக்கிற ஹாலுக்கு டிவி வாங்கப் போன எலி கோமளாவுக்கு, கடைக்குள் கால் வைத்ததுமே மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. கடைக்கார அணில் அவளையும் புருஷன் பரமுவையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மூலையில் இருந்த சின்ன டிவியைக் காட்டியதுதான் காரணம்.

"உங்க வளை வாசல்ல இதுதாம்மா நுழையும்" என்றது அணில்.

"எங்க வாசலை நீ வந்து அளந்தியா? ஆஃபர்னு போர்டு மாட்டி, பாதி விலைக்கு அவ்வளவு பெரிய டிவியை வச்சிருக்கே. அது எங்களுக்கு ஆகாதா?"

பரமு அவள் காதோரம் கிசுகிசுத்தான். "வாசல் சின்னதா இருக்கிறதாலதான் கோமு, அந்தப் பூனை எட்டிப் பார்த்துட்டுப் போயிடுது."

"அந்தத் தடிப் பூனைக்குப் பயந்துக்கிட்டு நான் காலம் பூரா தீப்பெட்டி சைஸ்ல சீரியல் பார்க்கணுமா? வெட்கமா இல்லை உங்களுக்கு?"

பெரிய டிவிதான் வந்தது. இரண்டு பேருமாக வாசலைத் தோண்டி அகலமாக்கி, அதை உள்ளே இழுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். கோமளா மூச்சு வாங்க எதிரே உட்கார்ந்தாள். புது வாசல் வழியே வந்த வெளிச்சத்தில் திரை பளபளத்தது. அதில், மீசை முடி ஒவ்வொன்றும் துல்லியமாக, ஒரு பூனை தெரிந்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பார்த்தீங்களா அந்த அணிலோட கொழுப்பை! எலி வீட்டு டிவில எடுத்த எடுப்பிலேயே பூனையைக் காட்டறான். முதல்ல சேனலை மாத்துங்க!"

பரமு கையில் பிளக்கோடு அசையாமல் நின்றான்.

"கோமு, நான் இன்னும் பிளக்கையே சொருகலை."