எண்ணெய் இளகட்டும்

“சாவியத் திருகாதேன்னு சொன்னா...”

“திருகாம இங்கயே விறைச்சுச் சாகவா?”

வழியில் பிளாஸ்க் டீ குடிக்க நிறுத்திய கொம்போவின் லாரி மறுபடி கிளம்பவில்லை. மூரன் நகரப் பட்டறையில் அவன் மனைவி பூரெவ், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எஞ்சின் புத்தகத்தைப் புரட்டினாள்.

“இந்தக் குளிர்ல ஆயில் இறுகியிருக்கும். எஞ்சினுக்கடியில தீ மூட்டச் சொன்னேனே?”

“மூட்டிட்டேன் மகாராணி. ஒரு மூட்டை வறட்டியும் எரியுது. ஆனா கீழ தண்ணி நிக்குது.”

“ரேடியேட்டர் குழாயப் பாரு.”

“அது காஞ்சு கெடக்கு. தண்ணி தரையிலருந்து வருது.”

“மலைப்பாதையில ஏது தண்ணி?”

“நீ திட்டுவேன்னு சொல்லல. உறைஞ்ச ஏரி மேல குறுக்க வந்துட்டேன்.”

போனில் ஏதோ நீளமாக விரிசல் விடும் சத்தம் கேட்டது.

“வண்டிய விட்டுட்டுக் கரையப் பாத்து நட. பேசிக்கிட்டே நட, கொம்போ.”