இதழினி நிரப்பிய படிவம்

வாசிக்கத் தெரிந்தவர்கள் தங்கள் படிவத்தைத் தாங்களேதான் நிரப்ப வேண்டும் என்பது குடும்ப நீதிமன்றத்தின் புது விதி. மூன்று வயது இதழினிக்கு நன்றாகவே வாசிக்கத் தெரியும். தொட்டிலிலேயே எழுத்து அட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டு, சொல்லுக்குச் சொல் கைதட்டிக் கற்றுக்கொடுத்தவள் அம்மா பூங்கோதைதான். காலையிலிருந்து காத்திருந்ததில் அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. அந்தக் கைதட்டலில் கூடச் சேர்ந்துகொண்ட, இப்போது பிரியப்போகிற புருஷன் கதிரேசன் எதிர் பெஞ்சில் கொட்டாவி விட்டான்.

“நீங்க சொல்லிக்குடுக்கக் கூடாதும்மா. பாப்பாவே படிக்கட்டும்,” என்றார் எழுத்தர்.

‘யாருடன் வசிக்க விருப்பம்?’ என்று தொடுதிரையில் கேள்வி வந்தது. அம்மா, அப்பா என்ற இரண்டு கட்டங்களையும் இதழினி தொட்டாள். திரை சிவந்தது. அதில் வந்த வரியை விரல் வைத்து, ஒரு இடத்திலும் திக்காமல் உரக்க வாசித்தாள்.

“ஒருவரை மட்டும் தேர்வு செய்யவும்.”

வாசித்துவிட்டு, சிரித்தபடி நிமிர்ந்து இருவரையும் பார்த்தாள்.

பழக்க தோஷத்தில் இரண்டு பேரும் கைதட்டினார்கள்.