ஏழாம் நம்பர் அறை

பறக்காத நாலு போர் விமானங்களுக்குக் கூரை போட்டுக் காட்சிக்கூடம் கட்ட அரசாங்கம் பணம் ஒதுக்கிவிட்டது என்று தெரிந்த அன்றைக்கே, தெருப் பெண்கள் தையல்காரி வீட்டில் கூடிவிட்டார்கள்.

பழைய விமானத் தளத்தின் மதிலை ஒட்டித்தான் அந்தத் தெரு. யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். தையல்காரியின் நாத்தனாருக்குப் போன வருஷம் இரண்டாவது பஸ்ஸிலேயே குழந்தை பிறந்துவிட்டது. அந்தப் பிள்ளையை இன்னும் ‘டிக்கெட்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இப்போது மாடி வீட்டு அக்காவின் மகளுக்கு ஏழாம் மாதம்.

“ஒரு நர்ஸம்மா வேணும்னு மூணு தடவை மனு குடுத்தோம். நிதி இல்லைன்னு மூணு தடவையும் திருப்பிவிட்டாளே அந்தக் கண்ணாடி மேடம், அவளேதான் இதுக்குப் பிளான் போட்டிருக்கா,” என்றாள் மாடி வீட்டு அக்கா. “துருப்பிடிச்ச தகரத்துக்கு இருக்கிற யோகம்கூட நமக்கு இல்லை.”

கண்ணாடி மேடம் என்றால் நகராட்சி இன்ஜினீயர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

அந்த மூன்று மனுவையும் எழுதியது தையல்காரிதான். தெருவில் அவள் கையெழுத்துதான் கொஞ்சம் பார்க்கும்படி இருக்கும். ஆட்சேபணை மனுவையும் அவளே எழுதினாள். முப்பத்தெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஜனங்கள் ஆட்சேபித்தால் பணம் வந்த வழியே திரும்பிப் போய்விடுமாம். போகட்டும், நமக்கு இல்லாதது தகரத்துக்கும் வேண்டாம் என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள்.

கருத்துக் கேட்கும் கூட்டம் நகராட்சி ஹாலில் நடந்தது. மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி விமானம் என்றால் உயிரை விடுகிறவர். நாலு விமானங்களைப் பற்றியும் முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்.

மாடி வீட்டு அக்கா, தையல்காரியின் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

இடுப்பில் நாத்தனார் பிள்ளையோடு எழுந்து முன்னால் போனவள், அத்தனை பேரைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவரில் மாட்டியிருந்த பிளானைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பார்க்கப் பார்க்கப் பிடிபட்டது. துணி வெட்டுவதற்குப் போடும் காகிதம் மாதிரிதான் அதுவும். எது முன்பக்கம், எது பின்பக்கம், எங்கே திறப்பு என்று தெரிந்தால் போதும். ஏழாம் நம்பர் அறை, முதலுதவி அறை. அதற்குக் கதவு விமானக் கூடத்துப் பக்கம் இல்லை. மதிலில் இருந்தது. சட்டைப் பாக்கெட்டை முதுகில் வைத்துத் தைத்த மாதிரி.

மேடத்தின் மானத்தை வாங்க இது ஒன்று போதும் என்று நினைத்தாள்.

“இந்த ஏழாம் நம்பர் அறைக்குக் கதவு தப்பா இருக்கு சார். உள்ளே விமானம் பார்க்கிறவங்க இதுக்குள்ள எப்படிப் போவாங்க? கதவு எங்க தெருவுல இல்ல இருக்கு?”

ஹால் சிரித்தது. அதிகாரி கண்ணாடி மேடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“ரொம்பப் பெரிய விமானம் சார். அண்ணாந்து பார்க்கிறவங்களுக்குத் தலை சுத்தும். வெளிக் காத்து படட்டும்னு வெச்சேன்,” என்றார் மேடம். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அதிகாரி யோசித்துப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒரு தடவை சுற்றியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

தையல்காரி விடவில்லை. அந்த அறைக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள், மனசுக்குள்ளேயே. நிரந்தர நர்ஸ் ஒருவர். கட்டில் இரண்டு. குழந்தை எடை பார்க்கும் தராசு ஒன்று.

போர் விமானம் பார்க்க வருகிறவர்களுக்குக் குழந்தைத் தராசு எதற்கு என்று கேட்க வாயைத் திறந்தவள், அப்படியே மூடிக்கொண்டாள்.

அது அவள் எழுதிய வரிசை. மூன்று மனுவிலும் அதே வரிசையில்தான் எழுதியிருந்தாள். நாலாவதாக, தெரு முனைக்கு ஒரு தண்ணீர்க் குழாய் என்று கேட்டிருந்தாள். அது மட்டும்தான் இங்கே இல்லை.

மேடத்தைப் பார்த்தாள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

“கையில என்னம்மா, ஆட்சேபணை மனுவா?” என்றார் அதிகாரி.

தையல்காரி முப்பத்தெட்டுக் கையெழுத்தையும் நாலாக மடித்து இடுப்பிலிருந்த பிள்ளையிடம் கொடுத்தாள். அது வாங்கி வாயில் வைத்துக்கொண்டது.

“ஆட்சேபணைதான் சார். நாலு விமானம் பத்தாது. அஞ்சா வையுங்க.”

மாடி வீட்டு அக்கா தலையில் கை வைத்தாள். அதிகாரிக்கு முகமெல்லாம் பல். இப்படிப்பட்ட ஜனங்கள் அல்லவா வேண்டும் என்று சொல்லி, அஞ்சாவது விமானத்துக்கு என்னென்ன வேண்டுமோ அதையும் இப்போதே பிளானில் சேர்க்கச் சொன்னார்.

கண்ணாடி மேடம் பேனாவை எடுத்தார். தையல்காரி பக்கம் திரும்பவே இல்லை.

“கூரையைக் கொஞ்சம் நீட்டணும் சார். அப்புறம், அஞ்சு விமானத்தையும் கழுவுறதுக்குத் தண்ணி வேணும். தெரு முனையில ஒரு குழாய்.”