பூட்டப்பட்ட வைஃபை

பதினொரு மணிக்கு வேலைக்கான வீடியோ நேர்காணல். இணையம் நகரவேயில்லை. யாரோ திருடுகிறார்கள் என்று, இதுவரை பூட்டே இல்லாத வைஃபைக்குத் தணிகைவேல் கடவுச்சொல் போட்டான். உடனே குடியிருப்பின் கதவுகளெல்லாம் திறந்தன. அவன் பார்த்தேயிராத முகங்கள் வாசலில் குவிந்தன.

“தணிகை தம்பி, உடம்புக்கு ஏதாச்சுமா? நெட்டு நின்னதும் பதறிட்டோம்,” என்றார் மாடிவீட்டு அம்மாள் ஒருவர், கையில் கஞ்சி ஃப்ளாஸ்க்.

“என் பேரு எப்படித் தெரியும்?”

“நல்லாக் கேட்ட போ! போன் வைஃபைல தினமும் உன் பேரைத் தொட்டாத்தானே எங்களுக்கு நெட்டே வரும்.”

நேர்காணலுக்கான வீடியோ அழைப்பு வந்தது; வாசலுக்கு முதுகைக் காட்டித் திரைமுன் உட்கார்ந்தான். “எல்லாரும் மூச்சு விடாதீங்க!” என்று ஒரு குரல் அதட்டியது.

“பின்னால் யார்?” என்றார் திரையில் தெரிந்தவர்.

தணிகைவேல் திரும்பினான். அத்தனை பேரும் அவனுக்காகத் திரையை நோக்கிக் கைகூப்பி நின்றிருந்தார்கள்.